மெசேஜ் யாருக்குப் போனது?

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. வெளி மாநிலப் பெருநகரம் ஒன்றிலிருந்து அவரையும் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிவந்தேன். விடியற்காலை நாலரை மணி. டிக்கெட்டில் போட்டிருந்த டெர்மினலில் இறங்கி, டாக்சியையும் அனுப்பியாயிற்று. வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இந்த விமானம் இப்போது இங்கிருந்து கிளம்புவதில்லையாம், வேறொரு டெர்மினலாம். பக்கத்துக் கட்டடமாக இருந்தாலாவது நடக்கலாம். பல கிலோமீட்டர் சுற்றிப் போகவேண்டும். அப்பா பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு டாக்சிக்கு அலைந்து, ஓடிப்போய்க் கவுன்ட்டரில் கேட்டால், “மெசேஜ் அனுப்பினோமே சார்” என்கிறார்கள். யாருக்கு அனுப்பினீர்கள்? டிக்கெட் எடுத்தவன் பெங்களூரில் இருக்கும் என் தம்பி. அவன் போனுக்கு நள்ளிரவில், நூறு விளம்பரங்களுக்கு நடுவே போயிருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு டிக்கெட் போடுவது மகனோ மருமகளோ, தெருமுனை டிராவல்ஸ்காரரோதான். இத்தனை வருடமாக டிக்கெட் விற்பவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

இடம் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெல்லியைப் பாருங்கள். முதல் டெர்மினலில் நெரிசல் தாங்கவில்லை என்று 2017-ல் சில விமானங்களை இரண்டாவதுக்கு மாற்றச் சொன்னது நிலைய நிர்வாகம். இண்டிகோ உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்தது, பலிக்கவில்லை. 2018 மார்ச்சில் ஒரு பகுதி விமானங்கள் மாறின. 2024 ஜூன் 28 மழையில் முதல் டெர்மினலின் முன்கூரை இடிந்து விழுந்து டாக்சி ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். அங்கிருந்த விமானங்களெல்லாம் மற்ற இரண்டுக்கும் போயின. 2025 ஏப்ரலில் இரண்டாவதைப் பழுதுபார்க்க மூடினார்கள், அங்கிருந்தவை முதலாவதுக்கு வந்தன. அக்டோபர் கடைசியில் அது திறந்ததும் மறுபடி மாற்றம். கூரை விழுந்தால் மாற்றத்தான் வேண்டும், மராமத்தும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அங்கே முதலாவது டெர்மினல் ஒரு மெட்ரோ பாதையில் இருக்கிறது, மூன்றாவது வேறொரு பாதையில். தப்பான வாசலில் இறங்கினவர் சாலை வழியாகத்தான் ஓடவேண்டும், அந்த ஊர்ப் போக்குவரத்து நெரிசலில்.

விமானக் கம்பெனிகளுக்கு ஒரு கேட் என்றால் எவ்வளவு அக்கறை தெரியுமா! சிகாகோ ஓஹேர் நிலையத்தில் 2018-ல் போட்ட குத்தகைப்படி, எந்தக் கம்பெனி எவ்வளவு விமானம் விடுகிறது என்று பார்த்து கேட்களை மறுபங்கீடு செய்யலாம். 2025-ல் அப்படிச் செய்தபோது யுனைடெட்டுக்குச் சில கேட்கள் கூடின, அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சில குறைந்தன. அமெரிக்கன் நகர நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டது. போடட்டும். கையில் ஒப்பந்தம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். எங்கள் டிக்கெட்டில் டெர்மினல் நம்பரை அச்சடித்தார்களே, அதுவும் ஒரு வாக்குத்தானே? அதை மாற்றும்போது மட்டும் நள்ளிரவில் ஒரு வரி போதுமா?

பயணம் செய்பவரின் நம்பரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அறுபதைத் தாண்டியவர் என்றால் முந்தின நாள் ஒரு ஆள் கூப்பிட்டு, அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லட்டும். மாற்றிய முதல் மாதமாவது பழைய வாசலில் ஒரு வண்டியை நிறுத்திவையுங்கள்.

அன்றைக்கு எங்களோடு அந்த வாசலில் இன்னொரு குடும்பமும் நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுடைய மாமனார், மாமியார். அதே விமானம்தான். எங்களுக்குக் கிடைத்த டாக்சியில் ஆறு பேரும் பெட்டிகளும் அடங்கவில்லை. “நீங்க போங்கண்ணா, நாங்க வேற வண்டி பார்த்துக்கிறோம்” என்றாள். கதவு மூடப்போகிற நேரத்தில் நாங்கள் ஏறிவிட்டோம். எங்களுக்கு முன்வரிசையில் மூன்று இருக்கைகள் சென்னை வரைக்கும் காலியாகவே வந்தன.