வுளூ எட்டாத இடத்தில் ஒரு கறுப்புப் புண்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள், வீட்டில் உம்மா, அம்மாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் விஷயம் அவர்களைத்தான் கூடுதலாகத் தொடுகிறது.

மாரி மழைக்குப் பிறகு கப்பல்துறைப் பக்கம் பற்றை இடுப்புயரத்துக்கு வளர்ந்து நிற்கும். தவணை தொடங்கியதும் பாடசாலைகளில் சிரமதானம். மையவாடி துப்பரவு. காணி வெளியாக்குதல். மாடு தேடிப் போவது, விறகுக்குப் போவது. இதெல்லாம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், யாருமே அந்தப் பற்றையை நினைப்பதில்லை. டெங்கு என்கிறோம். டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்னால் வைரஸ் காய்ச்சல் என்கிறோம். வயல்காரர் என்றால் எலிக்காய்ச்சல். நான்காவதாக ஒன்று இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு: உண்ணிக்காய்ச்சல்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயர் சாதாரண சனத்துக்கும் தெரியும். அங்கே மழைக்காலத்தோடு வைத்தியசாலைக்கு வரும் காய்ச்சல்களில் இது வழக்கமான ஒன்று. இங்கே உண்ணி என்றால் மாட்டுக்கும் நாய்க்கும் உள்ள பிரச்சினை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் 'டைபஸ்' என்ற பெயரில் இது அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அட்டவணையில் டெங்கு இருக்கும் அதே பக்கத்தில் இதற்கும் மாவட்டம் மாவட்டமாக ஒரு நிரல் உண்டு.

பெயர் ஒன்றானாலும் நோய் ஒன்றல்ல. கண்ணுக்குத் தெரியும் உண்ணி கடித்து வருவது ஒரு வகை. கண்டிப் பக்கம் கூடுதலாகக் கண்டறியப்பட்டது அது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளிகள் போடும், மூட்டுகள் வீங்கும். மற்றது பற்றைக்காட்டுக் காய்ச்சல். அதைப் பரப்புவது பெரிய உண்ணியல்ல, உண்ணிக்குச் சொந்தக்காரனான ஒரு பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீற்றரில் கால்வாசி கூட இராது. எலியில் ஒட்டி வாழ்வது, நாம் புல்லில் உட்கார்ந்தால் நம்மில் ஏறுகிறது. கடித்தது தெரியாது, வலிக்காது. "எனக்கு உண்ணி ஒன்றும் கடிக்கவில்லையே" என்று நோயாளி சத்தியம் பண்ணினாலும் அது எதையும் நிரூபிக்காது.

இது புது நோயும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையில் காட்டுப்போர்ப் பயிற்சி எடுத்த கிழக்கு ஆபிரிக்கப் படையினரை எம்பிலிப்பிட்டியப் பக்கம் இதே பற்றைக்காட்டுக் காய்ச்சல் படுக்கையில் போட்டது. நம் துறைமுகத்தில் பிரித்தானியக் கப்பற்படை நிறைந்து நின்ற காலம் அது. போர் முடிந்தது, நோயையும் நாடு மறந்தது. 2000-க்குப் பிறகு பேராதனையில் பேராசிரியர் குலரத்ன, ராகமையில் பேராசிரியர் ரஞ்சன் பிரேமரத்ன போன்றவர்கள் காரணம் தெரியாத காய்ச்சல்களைத் துருவிப் பார்த்தபோதுதான் இது எங்கேயும் போகவில்லை என்று தெரிந்தது. பற்றைக்காட்டுக் காய்ச்சலில் சிலருக்குத் திடீரெனக் காது கேட்காமல் போவதையும் பிரேமரத்ன குழுவினர் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலோடு "காது அடைக்குது" என்று யாராவது சொன்னால் சளி என்று தள்ளாதீர்கள்.

பெருங்காடு இதற்கு அவ்வளவு பிடித்தமான இடமல்ல. வெட்டிய காடு திரும்ப வளர்ந்த பற்றை, கைவிட்ட வயல், வேலியோரப் புல், இவைதான் எலிக்கும் அந்தப் பூச்சிக்கும் வீடு. போரில் விட்டுப் போய் வருடக்கணக்கில் திரும்பாத காணிகள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது.

இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு. வலி இல்லை, அரிப்பும் இல்லை. எல்லோருக்கும் வராது, வந்தால் வைத்தியருக்கு அதைவிடப் பெரிய தடயம் வேறில்லை. ஆனால் அது இருக்கும் இடம்தான் சிக்கல். அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, தொடையிடுக்கு, பிட்டம், சாரன் முடிச்சுப் போடும் இடுப்பு, பாவாடை நாடா இறுகும் இடம், முழங்கால் மடிப்பு, தலைமுடிக்குள். துணி இறுகும் இடத்தில் பூச்சி நிற்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை வுளூ செய்கிறோம். கை, முகம், கால் எல்லாம் பார்க்கிறோம். வுளூ எட்டாத இடமாகப் பார்த்துத்தான் இது ஒளிந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள். ஒன்பது நாள் காய்ச்சல். இரண்டு இடத்தில் மருந்து எடுத்தார்கள், இரண்டு இடத்திலும் அமொக்சிசிலின். மூன்றாவதாகப் போன வைத்தியசாலையில் ஒரு தாதி திரையை இழுத்துவிட்டு உடுப்பை விலக்கிப் பார்த்தபோது இடுப்பில் அந்தக் கறுப்பு. பிள்ளைக்கு அது முன்பே தெரியும். "கொப்புளம் என்று நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருந்தது" என்றாள். மருந்து மாற்றி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். வெட்கம் நாம் வளர்த்தது. ஆனால் கேட்க வேண்டியவர்களும் கேட்கவில்லை. வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது, விளங்குகிறது. அப்படியென்றால் நாம்தான் வாயைத் திறக்க வேண்டும். "டொக்டர், இரண்டு கிழமைக்கு முன்னால் பற்றை வெட்டினேன்" என்று ஒரு வசனம். "உடம்பில் ஒரு கறுப்புப் புண் இருக்கிறது" என்று இன்னொரு வசனம். பெண்கள் பெண் வைத்தியரையோ தாதியையோ கேளுங்கள், கேட்பது உரிமை. அவர்கள் இல்லாத நேரத்திலும் சிகிச்சைக்குத் தேவையான அளவைக் காட்ட மார்க்கம் தடையில்லை என்று உலமாக்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வெட்கத்தை மார்க்கத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? இந்தக் கிருமி நம் உடற்கலங்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. வேலை செய்வது டொக்சிசைக்கிளின். வயல் காலத்தில் எலிக்காய்ச்சலுக்காக பீ.எச்.ஐ. கொடுக்கிறாரே, அதே மாத்திரைதான். விலை மலிவு, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. மருந்தே கிடைக்காத பற்றைக்காட்டுக் காய்ச்சலில் நூறு பேரில் ஆறு பேர் அளவில் இறந்திருக்கிறார்கள் என்பது பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வின் நடுமட்டம். சில இடங்களில் அதைவிடப் பன்மடங்கு. நுரையீரல், மூளை, இதயம் எல்லாவற்றையும் தாக்கும். உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையின் முடிவு வர நாளாகும், அதனால் வைத்தியர்கள் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகம் வர நாம்தான் தகவல் கொடுக்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டு பாமசியில் டொக்சி வாங்கி விழுங்க வேண்டாம். அது டெங்குவாகவும் இருக்கலாம். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், இரண்டு நாள் தாண்டினால் வைத்தியசாலை.

வட்சப்பில் அடிக்கடி சுற்றும் படம், வளையம் வளையமாகச் சிவந்த தோல், அது லைம் நோய். அமெரிக்கா, ஐரோப்பாவின் கவலை. நாம் தேட வேண்டியது வளையத்தை அல்ல, கறுப்புப் பொருக்கை.

உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி, சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். சுட்டால் அது தன் வயிற்றில் உள்ளதை நம் உடம்புக்குள் கக்கும். மெல்லிய முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். காதுக்குள் உண்ணி போவது இலங்கையில் சர்வசாதாரணம். பேராதனை ஆய்வாளர்கள் பார்த்ததில் அப்படிப் போவது பெரும்பாலும் காட்டுப்பன்றியில் வாழும் உண்ணியின் இளம்பருவம். நாம் பன்றியைத் தொடாவிட்டாலும் அதன் உண்ணி நம்மைத் தொடும். காதைக் குச்சியால் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பு பெரிய வித்தையல்ல. நீளக் காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் சொருகிக் கொள்ளுங்கள், சப்பாத்து. டீட் கலந்த பூச்சி விரட்டி கிடைத்தால் பூசுங்கள். களைத்தால் புல்லில் சாயாமல் பாயோ கதிரையோ போடுங்கள், கழற்றிய சட்டையைப் பற்றையில் தொங்கவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பைத் தோய்க்கப் போட்டு, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்து, மேலே சொன்ன இடங்களை நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை உம்மா பார்க்கட்டும். உழ்ஹிய்யாவுக்கு மாடு கட்டும் வீடுகள் கால்நடை வைத்தியரிடம் உண்ணி மருந்து கேளுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று. சிரமதானத்துக்கு மண்வெட்டி கொண்டு வரச் சொல்லிக் கடிதம் அனுப்புகிறோம். அதே கடிதத்தில் காலுறையையும் எழுதுவோம். பற்றை வெட்டிய திகதியைப் பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதிவிடுவோம். ஆறு நாளுக்கும் மூன்று கிழமைக்கும் இடையில் காய்ச்சல் வந்தால் பெற்றோர் அந்தப் பக்கத்தை வைத்தியரிடம் நீட்டட்டும். பள்ளிவாசல் நிர்வாகமும் மையவாடித் துப்பரவு அறிவிக்கும்போது இரண்டு வரி சேர்த்துச் சொல்லலாம். காலுறை இல்லாத பிள்ளைகள் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம், என் பங்குக்கு இரண்டு டசின் வாங்கி வைத்திருக்கிறேன்.