நெடுங்கேணிக்கு எத்தகைய கணினி? – உறுப்புத் தெரிவு பற்றிய ஒரு விவாதம்

கருவியைத் தெரிவு செய்யும் உரிமை அதனைப் பயன்படுத்துவோனுக்கே உரியது என்பதைக் கமத்தொழிலில் எவரும் மறுப்பதில்லை. வன்னியின் கமக்காரன் மண்வெட்டி வாங்கும்போதுகூடத் தகட்டின் கனத்தையும் பிடியின் மரத்தையும் தன் மண்ணோடு பொருத்திப் பார்த்தே வாங்குகின்றான். ஆனால் அதே கமக்காரன், நெல் விற்ற பணத்தையோ நகையை அடகு வைத்த பணத்தையோ கையிற் கொண்டு, பல்கலைக்கழகம் புகும் தன் மகளுக்குக் கணினி வாங்கச் செல்லும்போது வாய்மூடி நிற்கின்றான். கடையில் 'முழுத் தொகுதி' என்று காட்டப்படுவதே அவனது கணினியாகி விடுகின்றது. மண்வெட்டியிற் காட்டிய விவேகம், அதனிலும் பன்மடங்கு விலையுள்ள கருவியிற் கைவிடப்படுகின்றது. இதனை அவனது அறியாமை என்று கூறித் தப்பிக்கொள்ள முடியாது. அவனுக்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் எடுத்துரையாது இருந்தமையின் விளைவே இது.

மேசைக் கணினி என்பது ஒரே பொருளன்று. செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, உறைப்பெட்டி எனத் தனித்தனியே தெரிந்தெடுக்கத்தக்க உறுப்புகளின் கூட்டு. இந்த இயல்பு தற்செயலாக வாய்த்ததன்று. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியைச் சந்தையிற் கிடைத்த பிறருடைய உறுப்புகளைக் கொண்டே அமைத்தது. செயலி இன்டெல் நிறுவனத்தினது. இயக்கமுறைமை மைக்ரோசொவ்ற் நிறுவனத்தினது. அதனாலேயே அடுத்த ஆண்டிலேயே கொம்பாக் நிறுவனம் அதற்கு ஒத்தியங்கும் கணினியை அறிவிக்க முடிந்தது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். வரையறை தாய்ப்பலகையின் அளவையும் மின்வழங்கியின் இணைப்பையும் பொதுமைப்படுத்தியது. ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியிற் பொருந்தும் என்ற நிலை வலுப்பெற்றது. பெருநிறுவனங்களின் போட்டியிற் பிறந்ததெனினும், இப்பொதுமை பயனாளனுக்குக் கிடைத்த ஓர் உரிமையாகும். அவ்வுரிமை தோக்கியோவில் வாழ்பவனுக்கும் நெடுங்கேணியில் வாழ்பவனுக்கும் சமமாகவே உரியது. அதனைப் பயன்படுத்தாது விடுவதே ஈண்டுக் கண்டிக்கப்படுவது.

இடமும் கருவியும்

நெடுங்கேணி, வவுனியா வடக்குப் பிரதேசத்தின் நிருவாக மையம். ஏ-9 வீதியிற் புளியங்குளத்திற் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வழியில் அமைந்தது. இங்கு ஒரு வீட்டிற் கணினி பழுதுற்றால், அதன் உறுப்பைத் தேடி வவுனியா நகருக்குச் செல்ல வேண்டும். அங்கு இல்லையெனின் யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ எதிர்பார்க்க வேண்டும். கொழும்பில் வாழ்பவனுக்கு ஓர் உறுப்பின் பழுது அரைநாள் அலைச்சல். நெடுங்கேணியில் அது ஒரு பரீட்சையின் இழப்பாகவும் முடியலாம்.

சூழலும் நோக்கத்தக்கது. வரட்சி மாதங்களில் வெப்பமும் புழுதியும். பருவங்கள் மாறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல். நீண்ட மின்கம்பி வழியின் கடைக்கோடி வீடுகளில், எல்லோரும் விளக்கேற்றும் மாலைப்பொழுதில் வோல்ற்றளவு தாழ்வது புதுமையன்று. மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் 2022ஆம் ஆண்டு தகர்த்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, சில மாதங்களுள் 360 ரூபாவரை சென்றது. இறக்குமதியையே நம்பிய ஒவ்வோர் உறுப்பின் விலையும் அதனுடன் ஏறியது. இன்று தவறாக வாங்கிய உறுப்பை நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர் இந்த அனுபவத்தை மறந்தவராவார்.

மூன்று வாதங்கள்

உறுப்புத் தெரிவு பற்றிப் பேசுமிடத்து மூன்று வாதங்கள் எழுவதுண்டு.

முதலாவது, ஆயத்தமாக இருப்பதை வாங்குவதே அறிவுடைமை. தெரிவென்பது நிபுணருக்குரியது என்பது. இவ்வாதம் வரலாற்றை மறந்தது. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் மின்கலமும் எரிபொருளும் அரிதாகிய வேளையில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகம் இது. பெற்றோலைத் துளிகளாக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியதும் இதுவே. வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் நூலிற் படியாதவர்கள் கையாற் கற்றுக்கொண்டார்கள். தேவை நெருக்கியபோது நிபுணருக்காகக் காத்திராத சமூகம், நான்கு திருகாணிகளாற் பூட்டிய ஒரு பெட்டியின் முன் இன்று அஞ்சி நிற்பதற்கு இயலாமை காரணமன்று. அஞ்சுமாறு பழக்கப்பட்டமையே காரணம்.

இரண்டாவது, 'எதிர்காலத்துக்கும் பயன்படும். ஆகவே பெரியதாக வாங்குக' என்பது. இதன் மொழி நெடுங்கேணியினதன்று. விளையாட்டுக்கெனக் கணினி அமைக்கும் செல்வந்த நாடுகளின் விளம்பர மொழி. அங்குப் பணத்தின் பெரும்பங்கு வரைகலை அட்டைக்குச் செல்கின்றது. எஞ்சியதில் ஒளிரும் விசிறிகளும் கண்ணாடிப் பக்கமும் கிடைக்கின்றன. அந்தப் பட்டியல் அப்படியே இறக்குமதியாகி, தமிழிற் கட்டுரை தட்டச்சுச் செய்யவும், கணக்குத்தாள் நிரப்பவும், நிரல் எழுதவும், காணொளிப் பாடம் பார்க்கவும் கணினி தேடும் மாணவியின் கையில் திணிக்கப்படுகின்றது. இப்பணிகள் எதற்கும் தனி வரைகலை அட்டை வேண்டியதில்லை. முப்பரிமாண வடிவமைப்பிலோ காணொளித் தொகுப்பிலோ ஈடுபடுவோருக்கு அது தேவையே. அவர்கள் அதனை வாங்குவது நியாயமே. ஆனால் சிலரின் தேவையை எல்லோருக்குமான இலட்சியமாக்குவது வணிகத்தின் தந்திரமாகும்.

மூன்றாவது வாதமே மிக ஆபத்தானது. 'கிராமத்துக்குப் பழையது போதும்' என்பது அது. இரக்கத்தின் உடையில் வருவதால் இதனை எதிர்ப்போர் குறைவு. அலுவலகங்கள் கழித்த கணினிகள் மாலையும் புகைப்படமுமாகக் கையளிக்கப்படுகின்றன. முதற் பழுதோடு அவை துணிபோர்த்து மூலைக்குச் செல்கின்றன. பழையது என்பதனால் மட்டும் ஒன்று தீயதாகி விடாது. எது பழையது, எவ்வளவு பழையது என்பதே வினா. 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. லினக்ஸ் நிறுவி அவற்றுக்கு வாழ்வளிக்கலாம். ஆயின் அதனை நிறுவிப் பேணக் கற்றுக்கொடுப்பவர் வேண்டும். அன்றியும், பெருநிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் பொது வரையறைக்கு உட்படாத தனி வடிவின. அதன் மின்வழங்கி எரிந்தால் கடையிற் கிடைக்கும் சாதாரண மின்வழங்கி அதற்குப் பொருந்தாது. உறுப்பு மாற்ற முடியாத கணினியைக் கிராமத்துக்கு அளிப்பது, திறப்பில்லாப் பூட்டை அன்பளிப்புச் செய்வதற்கு ஒப்பாகும்.

தலைகீழாக்க வேண்டிய வரிசை

நெடுங்கேணியின் நிலைமையிலிருந்து சிந்திப்போமாயின், விளம்பரப் பட்டியலின் வரிசையைத் தலைகீழாக்குதல் அவசியமாகின்றது. அங்கு இறுதியிலோ இலவச இணைப்பாகவோ வரும் மின்வழங்கியே இங்கு முதலில் தெரியப்பட வேண்டியது. மலிவான உறைப்பெட்டியோடு சேர்ந்து வரும் மின்வழங்கியின் மேல் 500 வாற் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதன் பக்கத்துச் சீட்டிற் சிறிய எழுத்தில் உள்ளதைப் படிக்க வேண்டும். 12 வோல்ற் வழிக்கு 18 அம்பியர் எனக் காணப்படின், செயலி முதலியவற்றுக்கு அது உண்மையிலே தரவல்லது பன்னிரண்டைப் பதினெட்டாற் பெருக்கி வரும் 216 வாற் மாத்திரமே. உள்வாங்கும் வோல்ற்றளவும் அச்சீட்டிலேயே உண்டு. 200 முதல் 240 வரை எனக் குறித்தது, மாலையில் வோல்ற்றளவு தாழும் வீட்டில் அணைந்து அணைந்து எரியும். 100 முதல் 240 வரை எனக் குறித்தது தாக்குப்பிடிக்கும். ஒரு சீட்டைப் படிப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. படிக்கச் சொல்பவரே வேண்டும்.

அடுத்தது யூ.பி.எஸ். 650 வி.ஏ. அளவினதாகப் பரவலாக விற்கப்படும் கருவிகளில் 12 வோல்ற், 7 அம்பியர் மணி மின்கலம் ஒன்று இருப்பது வழமை. அதன் முழுக் கொள்ளளவு 84 வாற் மணி; இழப்புகள் போக ஏறத்தாழப் பாதியே பயனுக்கு வரும். தனி வரைகலை அட்டையற்ற கணினியும் திரையுமாக 100 வாற் உண்ணும் அமைப்பை அது கால் மணித்தியாலமளவு தாங்கும். எழுதியதைச் சேமித்து முறையாக நிறுத்த அது தாராளம். 350 வாற் உண்ணும் விளையாட்டுக் கணினியைச் சில நிமிடங்கூடத் தாங்குவது ஐயமே. எனவே, சிறிய கணினியைத் தெரிவு செய்வது வறுமையின் அடையாளமன்று; இடத்தை அறிந்த திட்டமிடல் ஆகும். யூ.பி.எஸ். மின்னலுக்குக் காப்பாகாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. செருகியின் புவித்தொடுப்பு முனை உண்மையில் நிலத்தோடு தொடுக்கப்பட்டிருத்தலும், இடிமுழக்கத்தின்போது மின்செருகியோடு இணைய வடத்தையும் கழற்றி வைத்தலுமே காப்பு.

செயலியைத் தெரிவதில் ஓர் எழுத்து முழுக் கணக்கையும் மாற்றிவிடும். இன்டெல் செயலியின் இலக்கத்தின் ஈற்றில் 'எவ்' என்ற எழுத்து வருமாயின் அதனுள் வரைகலைப் பகுதி இல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5600 என்பதிலும் இல்லை. 5600-ஜி என்பதில் உண்டு. எழுத்தை நோக்காது மலிவானதை வாங்கியவன், திரையில் ஒன்றுமே தோன்றாமை கண்டு, வேண்டாத வரைகலை அட்டைக்காக மீண்டும் கடன்படுகின்றான்.

தாய்ப்பலகையின் செருகுவாய் எத்தனை காலம் நிலைக்கும் என்பது அடுத்த வினா. இன்டெலின் மேசைக் கணினிச் செருகுவாய் 2015, 2020, 2021, 2024 என மாறிச் சென்றது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 செருகுவாயோ 2017இல் வந்த முதல் ரைசனையும் 2022இல் வந்த ரைசனையும் ஏற்றது. இடையில் வந்த பலகைகள் பலவற்றுக்கு உள்மென்பொருளைப் புதுப்பித்தலே போதுமானதாயிற்று. செயலியை மட்டும் மாற்றிக் கணினியின் ஆயுளை நீட்டக்கூடிய பலகை, ஆண்டுக்கொரு புதுமையிலும் பயன் மிக்கது.

நினைவகத்திற் கஞ்சத்தனம் கூடாது, 16 ஜி.பி. இருப்பது நன்று. செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் 2025இன் பிற்பகுதியில் நினைவக விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. கைப்பணம் போதாதெனின், இரு 4 ஜி.பி. துண்டுகளாற் செருகுவாய்களை அடைத்துவிடாது, ஒரே 8 ஜி.பி. துண்டை இட்டு மற்றதை வெறுமையாக விடுதல் வேண்டும். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாக இருத்தல் இன்று விவாதத்துக்கு அப்பாற்பட்டது. உறைப்பெட்டிக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. கழற்றிக் கழுவத்தக்க புழுதி வடி வேண்டும். எறும்பும் பல்லியும் புகும் பின்புறத் துளைகள் மூடப்பட வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இங்குக் கூறப்பட்டவற்றில் எதுவும் இரகசியமன்று. அங்ஙனமாயின் இது ஏன் நெடுங்கேணியை எட்டவில்லை? விடை சங்கடமானது. பாடசாலைப் பாடநூல் உறுப்புகளின் பெயர்களைக் கற்பிக்கின்றது, தெரிவைக் கற்பிப்பதில்லை. பல்கலைக்கழகத்திற் கணினிக் கட்டமைப்பைப் பயின்று சிறப்புத் தேர்ச்சி பெறுவோருள், தம் தங்கைக்கு ஒரு கணினியை உறுப்புறுப்பாகத் தெரிந்து பூட்டிக் கொடுக்கத் துணிவோர் எத்தனை பேர்? தமிழ்ச் சங்கங்களோ 'கணினி'யா 'கணனி'யா என்ற சொல்லாராய்ச்சியிற் காட்டிய ஊக்கத்தின் ஒரு பங்கைக்கூடப் பெட்டிக்குள் இருப்பதைத் தமிழில் விளக்குவதிற் காட்டவில்லை. கலைச்சொல் வேண்டியதே, ஆனால் பொருளை அறியாதவனிடம் பெயரை மட்டும் கொடுப்பது மொழிப்பணியாகாது.

செய்யத்தக்கவை பலவல்ல. கடையிற் கணினி வாங்குவோர், 'முழுத் தொகுதி' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, ஒவ்வோர் உறுப்பின் பெயரும் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கோர வேண்டும். பாடசாலைக்குக் கணினி அளிக்க விரும்புவோர் பத்துக் கணினிக்கான பணத்தில் எட்டை வாங்கி, எஞ்சியதை மாற்று உறுப்புகளுக்கும் யூ.பி.எஸ். மின்கலங்களுக்கும் ஒதுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் நெடுங்கேணியின் அண்மையிலேயே உள்ளது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. இவற்றின் மாணவர்கள் விடுமுறையில் ஒரு கிழமையைக் கிராமப் பாடசாலைகளுக்கு ஒதுக்கி, கணினியைக் கழற்றிப் பூட்டக் கற்பிப்பின், எந்த அன்பளிப்பு விழாவிலும் அது மேலானதாகும். அவர்களின் கையிற் கொடுக்கத்தக்க ஒரு சிறு கைநூலைத் தமிழில் வெளியிடுவது சங்கங்களின் கடமை.

இரவல் பட்டியலால் அமைந்த கணினி, அதனை வைத்திருப்போனை விற்பனையாளனுக்கோ கொடையாளனுக்கோ என்றும் கடமைப்பட்டவனாகவே வைத்திருக்கும். உறுப்பறிந்து தெரிந்த கணினி பழுதுறும் நாளிலும், எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் அவ்வீட்டிலேயே இருப்பார். நெடுங்கேணியின் மாணவி ஒரு திருகாணிச் செலுத்தியைக் கையிலெடுத்துப் பெட்டியைத் தானே திறக்கும் நாளிலேயே அக்கணினி முழுமையாக அவளுடையதாகும்.