ஆடியில் முடியும் ஒப்பந்தங்கள்

மதிப்பிற்குரிய திருப்பூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

மடத்துக்குளம் வட்டம் கணியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடகை அக்ரிமெண்ட்டை நகலெடுக்க வருகிறவர்கள், "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கண்ணா" என்று கேட்பார்கள். மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற குடும்பங்கள், லைன் வீட்டில் குடியிருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அண்மையில் ஓர் அம்மா கொண்டுவந்த தாளைச் சொல்கிறேன். 20 ரூபாய் பத்திரம், இரண்டு பக்கம். ஆகஸ்ட் 26 முதல் 11 மாதம் என்று எழுதியிருந்தது. முடியும் தேதி இல்லை. காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற வரி மட்டும் இங்கிலீஷில். நாள் கணக்கு வர வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். முடியும் தேதியை எண்ணிச் சொன்னேன்: ஜூலை 25. "அய்யோ, ஆடி ஒம்பதா!" என்றார்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆவணியிலும் தையிலும்தான் பால் காய்ச்சிக் குடிபோகிறோம். ஆவணியில் போனவருக்கு 11 மாதம் ஆடியில் முடிகிறது. தையில் போனவருக்கு மார்கழியில். இரண்டுமே யாரும் வீடு மாறாத மாதங்கள். வீட்டுக்காரருக்கும் அப்போது புதுக் குடித்தனம் கிடைக்காது. ஆகவே இருவரும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள், தாள் காலாவதியாகிப் பீரோவில் கிடக்கிறது. பிறகு ஏதோ ஒரு மனஸ்தாபம் வரும் நாளில், "அக்ரிமெண்ட் எப்பவோ முடிஞ்சுது, இந்த மாசமே காலி பண்ணு" என்ற பேச்சு கிளம்புகிறது.

11 மாதம் என்ற பழக்கம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தாக வேண்டும் என்பதால் ஒரு மாதம் குறைத்து எழுதினார்கள். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நகர்ப்புறத்தில் வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பேரூராட்சியும் இதில் அடக்கம். பழைய காரணம் போய் ஆண்டுகள் ஆகியும் 11 மாதம் போகவில்லை.

அந்தச் சட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. காலம் முடியுமுன்பே புதுப்பிக்கக் கேட்கலாம். புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் நீள்வதாகக் கொள்ளப்படும், அதிகபட்சம் ஆறு மாதம். ஆடியில் முடிந்தவர் ஆவணிவரை மூச்சுவிட இது போதும். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களோ, அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தம் பணம் வரும் என்பதையே சட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே சட்டத்தின் இன்னொரு முனை கூர்மையானது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணம் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் கேட்கலாம். பதியாத தாளுக்கு அங்கே மதிப்பும் இல்லை. பாதுகாக்க வந்த சட்டம், தாள் இல்லாதவரைத்தான் முதலில் வெளியேற்றுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

வீட்டுக்காரர்களையும் குறை சொல்லிவிட முடியாது. மில்லில் ஓய்வுபெற்று, மூன்று லைன் வீட்டு வாடகையில் மருந்து வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு, கரண்ட் பில்லைக் கட்டாமல், சொல்லாமல் ஊருக்குப் போய்விட்ட குடித்தனங்களையும் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருந்தால் வீட்டுக்காரர்களுக்கும் நல்லது.

வாடகை அதிகாரியை நியமிப்பது தாங்கள்தான். அதனால் தங்களிடமே கேட்கிறேன். தமிழில் ஒரே பக்கத்தில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை ஒவ்வொரு பேரூராட்சி அலுவலகத்திலும் வையுங்கள். அதில் முடியும் தேதியை நாள், மாதம், ஆண்டோடு எழுதக் கட்டம் இருக்கட்டும்; இரு தரப்பும் எத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் என்றைக்குள் திரும்ப வேண்டும் என்பதற்கும் கட்டம் இருக்கட்டும். 11 என்று அச்சடிக்காமல் மாதத்தை அவர்களே நிரப்பிக்கொள்ளட்டும். இணையத்தில் பதிந்துதர இ-சேவை மைய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை அதிகாரி மடத்துக்குளம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்தால், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திருப்பூர் வர முடியாதவர்கள் அங்கே வருவார்கள்.

மாதிரித் தாள் வந்தால், அதை என் கடையில் யாருக்கும் காசில்லாமல் நகலெடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கணியூர் ஜெராக்ஸ் கடைக்காரர்