யார் நடத்துவது ஒத்திகை?

கோயம்புத்தூருக்கு மேற்கே, நரசீபுரத்தில் உள்ள கோவை கலைமகள் கலை அறிவியல் கல்லூரியில், 2018ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி, அபாய காலத்தில் உயிர் தப்பும் உபாயத்தைக் கற்பிப்பதாகச் சொல்லி நடந்த ஒத்திகையில், இரண்டாம் மாடியின் விளிம்பில் குதிக்கத் தயங்கி அமர்ந்திருந்த பத்தொன்பது வயது மாணவியைப் பயிற்சியாளராக வந்தவரே தள்ளிவிட, கீழே சக மாணவர்கள் பிடித்திருந்த வலையை எட்டுமுன் முதல் மாடியின் சன்ஷேடில் மோதி அவள் மாண்டாள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்ட அந்த மனிதருக்கும் தங்களுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்று அந்த ஆணையமே பின்னர் அறிவித்தது. விரிவுரையாளராக வருபவரின் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பரிசீலிக்கும் ஒரு ஸ்தாபனம், மாணவர்களை மாடி விளிம்பில் நிறுத்தப் போகிறவரிடம் அதைக் கேளாதிருந்தது எந்த நியாயத்தில் சேரும்?

இந்த அனர்த்தத்தைக் காட்டி, ஒத்திகையே வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்கள் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதியை மறந்துவிட்டார்கள். கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கட்டுத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, குறுகிய படிக்கட்டை நம்பியிருந்த 94 குழந்தைகளைப் பலி கொண்டது அன்றுதான். அங்கே பஞ்சமாயிருந்தது குழந்தைகளின் தைரியமா? வெளியேற வழியல்லவா இல்லாமற்போயிற்று! குதிப்பது ஒருபோதும் முதல் உபாயமாகாது. பூட்டில்லாத கதவும், அடைசல் இல்லாத படிக்கட்டும், கூடி நின்று தலை எண்ணுவதற்கு ஒரு திடலுமே முதலில் வேண்டியவை. இவை வேடிக்கை காட்டாத காரியங்களாதலால், புகைப்படத்துக்கு உதவா என்பது வேறு விஷயம்.

நம் பவானியில், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் காவிரி பெருகிக் கரையோர வீதிகளில் புகுந்தபோது, சனங்களைக் காத்தது சாகசமன்று. முன்கூட்டி வந்த எச்சரிக்கையும், போய்ச் சேர வேண்டிய இடம் இன்னதென்ற தெளிவுமே. பவானியையும் குமாரபாளையத்தையும் சுற்றியுள்ள கலாசாலைகளுக்கு இந்தப் பாடம் போதாதா? தீயென்றால் வெளியேறுவது, வெள்ளமென்றால் மேல்தளம் ஏறுவது, நச்சுவாயு கசிந்தாலோ ஜன்னல்களை அடைத்து உள்ளேயே இருப்பது என அபாயத்துக்கு ஏற்ப விதி மாறுமாகையால், எப்போது எதைச் செய்வது என்று உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு, அவர் ஊரில் இல்லாவிட்டால் யாருக்கு என்பதை ஒவ்வொரு கல்லூரியும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். விடுதியில் இரவுச் சாவி யார் கையில் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஒத்திகையைத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினரே நடத்தட்டும். இடைத்தரகர் எவருக்கும் அங்கே வேலையில்லை. மாட்டேன் என்று விலகி நிற்கும் மாணவியைப் பலவந்தப்படுத்துவதைக் குற்றமாகவே பாவிக்க வேண்டும். இணைப்பு ஆய்வுக்கு வரும் பல்கலைக்கழகக் குழுவினர், நூலகத்துப் புத்தகங்களை எண்ணுவதோடு அமையாது, முன்னறிவிப்பின்றி அபாய மணியை அடிக்கச் சொல்லி, கடைசி மாணவன் திடலுக்கு வந்து சேரும்வரை கடிகாரத்தோடு நின்று பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.