கடைமடைக்கும் கேக்குதா?

எங்க ஊர் ஆவுடையார்கோவிலுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் திகைத்துப் போவார்கள். கருவறையில் ஆவுடையார் மட்டும்தான் இருக்கும். மேலே லிங்கம் இருக்காது. "சாமி எங்கே?" என்று கேட்டால், "அதான் சாமி" என்று பதில் வரும். உருவமில்லாத ஆத்மநாதர். நைவேத்தியமும் அதற்குத் தோதாகத்தான். புழுங்கல் அரிசிச் சோற்றிலிருந்து எழும் ஆவி! (சோறு மனுஷனுக்கு மிச்சம். எங்க ஊர் சாமி ரொம்ப நல்ல சாமி!)

எங்க அப்பாவுக்கு உருவமில்லாத இன்னொரு சாமியும் உண்டு. திருச்சி வானொலி. 1939 மே 16-ல் அவதாரம். மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். அந்த இடத்தில் முள் நின்றதும், வேறு யாரும் திருகிவிடக் கூடாது என்று குமிழையே கழற்றி மடியில் கட்டிக்கொண்ட பக்தர் அவர்.

காரணம் இருக்கிறது. நாங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-ம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்றால், அது கல்லணைக்கு வந்து, தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டி, நாகுடி பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் எங்க ஆட்களுக்குப் பாதி உயிர் போய்விடும். எல்லாப் பந்தியிலும் கடைசி இலை எங்களுக்குத்தான். ஆனால் "மேட்டூர் அணையின் நீர்மட்டம்..." என்று ரேடியோ சொல்வது மட்டும் மேட்டூர்க்காரனுக்கும் எங்களுக்கும் ஒரே விநாடியில் வந்து சேரும். தண்ணீர்தான் முறை வைத்து வரும். குரலுக்கு ஏது முறை?

அப்பா மாசம் ரெண்டு தபால் கார்டு போடுவார். "அன்புள்ள நிலைய இயக்குநர் அவர்களுக்கு" என்று தொடங்கி, நெல்லில் குருத்துப்பூச்சி, ஆட்டுக்குக் கழிச்சல், நேற்றைய நாடகத்தில் கிழவியாக நடித்தவரின் குரல் இளசாக இருந்தது என்று சகலமும் இருக்கும். நேயர் விருப்பம் என்றால் வீட்டில் அத்தனை பேர் பெயரும் போகும். ஒரு தடவை பட்டியலில் 'லட்சுமி' என்று ஒரு பெயரைப் பார்த்துவிட்டு அம்மா சந்தேகத்தோடு யாரென்று கேட்க, அப்பா அமைதியாகக் கொட்டகையைக் காட்டினார். எங்க பசுமாடு!

"உங்க கார்டைப் படிச்சுட்டுத்தான் அங்க புரோகிராம் போடுறாங்களாக்கும்!" என்று நான் நக்கலடிப்பது வழக்கம். பி.காம். படித்த திமிர். போன மாசம் அறந்தாங்கி பஸ்ஸில் அந்தத் திமிர் இறங்கியது. பக்கத்து சீட்டில் வானொலியில் வேலை பார்த்து ரிடையரான ஒரு பெரியவர்.

"ஆமா தம்பி, அதையும் படிச்சுட்டுத்தான்" என்றார் அவர்.

வானொலியில் நிகழ்ச்சி என்பது அன்றன்றைக்குத் தோன்றியதைப் போடுவது இல்லையாம். இந்தந்த நேரத்துக்குச் செய்தி, இந்தந்த நேரத்துக்கு விவசாயம், பாட்டு, மகளிர், சிறுவர், இளைஞர் என்று நிரந்தரமாக ஒரு அட்டவணை. அந்தக் கட்டங்களில் என்ன நிரப்புவது என்பதை மூன்று மாசத்துக்கு ஒரு தடவை முன்கூட்டியே உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். நம்ம பட்ஜெட் மாதிரி! யார் பேசுவது, எந்தத் தலைப்பு, எத்தனை நிமிஷம் என்று முடிவு செய்து, பேச்சாளருக்குக் காண்ட்ராக்ட் அனுப்பி, எழுதி வாங்கி, பதிவு செய்து... பாடுகிறவருக்கு முதலில் குரல் தேர்வு. தேறினால் பி, பி-ஹை, ஏ, டாப் என்று கிரேடு.

"சம்பா நாத்து விடுறதுக்கு முன்னாடி விதை நேர்த்தியைப் பத்திச் சொல்லணும். நட்டு முடிச்சப்புறம் சொன்னா, விவசாயி ரேடியோவைத் தூக்கி வயல்லதான் நடுவான்" என்றார் பெரியவர். "எந்த ஊர்ல என்ன பூச்சி, எப்ப வந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கார்டுலதான் தெரியும்."

சும்மா சொல்லவில்லை மனிதர். 1956-ல் யுனெஸ்கோ உதவியோடு புனே வானொலி ஒரு பரிசோதனை செய்தது. 150 கிராமங்களில் ஜனங்கள் கூட்டமாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பது, பிறகு தங்களுக்குள் விவாதிப்பது, சந்தேகத்தை நிலையத்துக்கே எழுதிக் கேட்பது. பதில் அடுத்த நிகழ்ச்சியில் வரும். அதாவது ரேடியோ ஒரு வழிப்பாதை இல்லை; போய்வரும் ரோடு. 1966-ல் விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவு ஆரம்பித்த நிலையங்களில் திருச்சியும் ஒன்று. அப்போது ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நெல்லுக்கு ரேடியோவின் பெயர்! நடிகர் பெயரில் பனியன் வந்த நாட்டில், இது எவ்வளவு பெரிய கௌரவம் பாருங்கள்.

போட்டியும் இருந்தது. எங்க பக்கம் கடற்கரை கிட்டே. மீமிசல் தாண்டினால் கடல். கடல் தாண்டினால் இலங்கை. அந்தக் காலத்தில் இலங்கை வானொலி கணீரென்று சினிமாப் பாட்டாகப் பொழியும். அப்பா ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்: "பாட்டுக்கு சிலோன். சோத்துக்குத் திருச்சி."

இதெல்லாம் பழங்கதை, ஸ்மார்ட்போன் காலத்தில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வானொலியின் ஆப்பை அப்பாவுக்குப் போனில் இறக்கிக்கூடக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது டவர் இருந்தாத்தானே பேசும்?" என்றார்.

சிரித்தேன். ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலை நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கஜா புயல். தென்னையெல்லாம் தலைவிரி கோலமாகச் சாய்ந்து கிடக்க, கரண்ட் இல்லை, டவர் இல்லை. என் பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன், முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது. ஊர் உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாத பயம் இருக்கிறதே, அது புயலைவிட மோசம். அன்றைக்குத் திண்ணையில் ரெண்டே ரெண்டு பாட்டரியில் பேசிக்கொண்டிருந்தது அப்பாவின் டிரான்சிஸ்டர் ஒன்றுதான். சுற்றி இருபது பேர். புனே பரிசோதனையை அன்றைக்கு எங்க திண்ணை தன்பாட்டுக்கு நடத்திக்கொண்டிருந்தது.

இப்போது நாட்டில் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடிவிட்டுப் பண்பலைக்கு மாறிவருகிறார்கள். பண்பலை துல்லியம்தான். ஆனால் கை குட்டை. திருச்சியிலிருந்து நாங்கள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மத்திய அலை அலட்டிக்கொள்ளாமல் அவ்வளவு தூரமும் வரும். பண்பலை பாதி வழியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

"மூடுறதா வேணாமான்னு எதைப் பார்த்து முடிவு பண்ணுவாங்க?" என்று பஸ்ஸில் பெரியவரைக் கேட்டேன்.

"செலவைப் பார்ப்பாங்க. கேக்குறவங்க இருக்காங்களான்னு பார்ப்பாங்க" என்றவர், இறங்குமுன் திரும்பி, "நீங்க கடைசியா எப்ப கார்டு போட்டீங்க?" என்றார்.

பேந்தப் பேந்த விழித்தேன். காமர்ஸ் படித்தவனுக்கு இது உறைக்க வேண்டும். கணக்கில் எழுதாத வரவு, வரவே இல்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற நேயரும் அப்படித்தான். நோட்டில் ஏறமாட்டார். வெட்டுகிற நாளில் அவரை யாரும் தேடவும் மாட்டார்கள். கடைசி இலைக்காரன் "இங்கே ஒரு ஆள் இருக்கேன்" என்று குரல் கொடுத்தால்தானே சாம்பார் வாளி அந்தப் பக்கம் திரும்பும்?

அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. அவர் கார்டு போட்டு ரெண்டு வருஷமாச்சு. மறுநாள் தபாலாபீஸுக்குப் போய் ஒரு ரூபாயை நீட்டி, "ஒரு கார்டு" என்றேன். விலை 50 காசு. பாக்கி 50 காசுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? "ரெண்டா வாங்கிக்குங்க தம்பி" என்றார்கள்.

ஒன்றில் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கடைமடையில் தெளிவாகக் கேட்கிறது. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்." கீழே வரிசையாக வீட்டில் எல்லோர் பெயரும். லட்சுமி செத்துப் பல வருஷம் ஆகிறது. அவள் பேத்தியின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.

இன்னொரு கார்டு மேஜையில் காலியாக இருக்கிறது. முப்பது வருஷமாக அவர் எழுத, நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி என் பெயரில் அதை எழுத வேண்டும்.