வெள்ளைக் கோட்டு என்ன விலை?

கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது கடலை மிட்டாய். (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். மரியாதையாகப் பார்க்கவும்!) அதற்கு அடுத்தபடி கண்ணில் படுவது போஸ்டர். 'மருத்துவ உதவியாளர் பயிற்சி. ஒரே வருடம். 100% வேலைவாய்ப்பு உதவி.' பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக ஒரு பையன் சிரிக்கிறான். '100% வேலைவாய்ப்பு' என்பது பூசணிக்காய் சைஸ். 'உதவி' என்பது கடுகு சைஸ். சுவரில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றால்தான் படிக்க முடியும்.

இந்த மாதிரி ஒரு போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் என் அக்கா மகன் போன் பண்ணினான். வயசு 19. பிளஸ் டூவில் பயாலஜி குரூப், மார்க்கும் மோசமில்லை. அந்த வருஷம் கரிசலில் மழை சரியாகப் பெய்யாமல் உளுந்தும் போச்சு, மக்காச்சோளமும் போச்சு. மேலே படிக்க வைக்க வழியில்லை. தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்துவிட்டான். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயரே 'ஆபீஸ்'தான். உடனே உங்கள் ஆபீஸ் மாதிரி சுழல் நாற்காலி, பதினோரு மணி காபி என்று கற்பனை பண்ண வேண்டாம்.

"மாமா, பீஸ் 45,000தான். அம்மா செயினை வச்சிரலாம்னு சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?"

நம்ம ஊரில் பல குடும்பங்கள் முழுகிப்போனது இந்த 'தான்'களில்தான். நிலம் ரெண்டு லட்சம்தான், வண்டிக்கு மாசத் தவணை மூவாயிரம்தான். ஆபீஸ் கால்குலேட்டரை இழுத்துவைத்துக்கொண்டு, "டேய் மாப்ளே, ஒவ்வொண்ணா சொல்லு" என்றேன்.

பீஸ் 45,000. கோட்டு, ஷூ, புத்தகம் எல்லாம் சேர்த்து 4,500. பரீட்சைக் கட்டணம் என்று தனியாக 2,500. பயிற்சி திருநெல்வேலியில். தினமும் பஸ்ஸுக்குப் போக வர 110 ரூபாய், 240 நாளைக்கு 26,400. டீ, வடைக்கு ஒரு நாளைக்கு 30 வைத்தால் 7,200. செயினை வைத்து 50,000 வாங்கினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வருஷத்துக்கு 6,000.

"மொத்தம் 91,600 மாமா. பரவாயில்லையே?" என்றான் பையன்.

"இரு. இப்ப நீ எவ்வளவு சம்பாதிக்கிறே?"

"மாசம் 9,000."

"படிக்கிற வருஷம் அதை யார் தருவா?"

எதிர்முனையில் சத்தமில்லை. பன்னிரண்டு மாசத்துக்கு 1,08,000. ஆக மொத்தம் 1,99,600. ரெண்டு லட்சத்துக்கு நானூறு ரூபாய் குறைச்சல். எந்தப் போஸ்டரிலும் அச்சாகாத செலவு இந்தக் கூலி இழப்புதான். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது கணக்கிலேயே வராது. கூலி வீட்டுப் பிள்ளைக்குப் பாதிக்கு மேல் அதுதான்.

அடுத்தது வரவு. அதே படிப்பை முடித்து ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கும் அடுத்த தெருப் பையனை விசாரிக்கச் சொன்னேன். பி.பி. பார்ப்பது, டோக்கன் கூப்பிடுவது, டாக்டர் காரைத் துடைப்பது (இது சிலபஸில் இல்லை) எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய். தீப்பெட்டி ஆபீஸைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். 1,99,600-ஐ ஆயிரத்தால் வகுத்தேன். பதினாறு வருஷம், எட்டு மாசம்! போட்ட பணம் திரும்பும்போது மாப்பிள்ளைக்கு 36 தாண்டியிருக்கும். தலையில் நாலு வெள்ளை முடி வந்திருக்கும், கோட்டுக்கு மேட்சாக.

பையன் சிரிக்கவில்லை. "சம்பளம் அப்படியேவா மாமா நிக்கும்? கிளினிக்ல ஏறும்லா. தீப்பெட்டி ஆபீஸ்ல இருபது வருஷம் இருந்தாலும் தீப்பெட்டி ஆபீஸ்தானே."

அவன் சொன்னதும் நியாயம்தான். பதினாலு வருஷம் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ல்தான் ரெண்டு ரூபாய் ஆனது. பெட்டி விலையே அந்த வேகத்தில் போனால் அதைச் செய்கிறவன் கூலி என்ன ஓட்டமா ஓடும்? அவனுக்கு வெள்ளைக் கோட்டு வேண்டாம், மருந்து வாடையிலிருந்து வெளியே போக ஒரு கதவு வேண்டும். அந்தப் போஸ்டர் கதவா, சுவரில் வரைந்த கதவா என்பதுதான் கேள்வி.

இந்த உதவியாளர் வேலை ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1835-ல் சென்னையில் மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பித்ததே வெள்ளைக்கார டாக்டர்களுக்கு 'அப்போதிகரி', 'டிரஸர்' என்று கைக்கு ஆள் தயார் பண்ணத்தான். அதுதான் பிற்பாடு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். அப்புறம் வந்தார் கம்பவுண்டர். காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி மிக்ஸ்சர் பாட்டிலில் ஒட்டி, 'வேளைக்கு ஒரு பல்' என்று கொடுப்பாரே, அவரேதான். டாக்டரைவிடக் கம்பவுண்டருக்குக் கைராசி என்று கூட்டம் மொய்த்த ஊர்கள் உண்டு. 1948-ல் பார்மஸி சட்டம் வந்து, மருந்து கலக்கிக் கொடுக்கப் பதிவு பெற்ற பார்மஸிஸ்ட்தான் வேண்டும் என்றது. கம்பவுண்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார். கைராசி இருந்து என்ன செய்ய? சட்டத்தில் இடம் இல்லை.

இப்போது அதே மாதிரி இன்னொரு சட்டம். 2021-ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். டெக்னீஷியன் என்று பெயர் போட்டுக்கொள்ளக் குறைந்தது ரெண்டு வருஷத்தில், 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்கிறது. மாப்பிள்ளையின் பயிற்சி தினம் மூணு மணி நேரம். 240 நாளைக்கு 720. மீதி 1,280 மணி நேரத்தை நெல்லை பஸ்ஸில்தான் தேட வேண்டும்.

"அங்கேயே கேளு, எந்தக் கவுன்சில் அங்கீகாரம்னு" என்றேன். கேட்டிருக்கிறான். "ஐ.எஸ்.ஓ. இருக்கு தம்பி!" என்று பதில். ஐ.எஸ்.ஓ. என்பது நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கான சான்று. வாளி செய்கிற கம்பெனியும் வாங்கலாம். அதை வைத்து ஊசி போட முடியாது.

சர்டிபிகேட் என்றாலே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளே ஒரு வருஷச் சர்டிபிகேட் படிப்புகள் நடத்துகின்றன. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' பயிற்சியை 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் திட்டத்தின் கீழ் காசே வாங்காமல் கொடுத்திருக்கிறார்கள். காசில்லாமல் கிடைத்த சமாசாரத்துக்கு அக்கா ஏன் கழுத்துச் செயினைக் கழற்ற வேண்டும்?

தமிழ்நாட்டில் 'மருத்துவ உதவியாளர்' என்றே பெயர் போட்டு அடிக்கடி ஆள் எடுப்பது 108 ஆம்புலன்ஸில். 2008-லிருந்து ஓடுகிறது. பிளஸ் டூவுக்கு அப்புறம் ரெண்டு வருஷ டி.எம்.எல்.டி., அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, இல்லையென்றால் நர்ஸிங், இல்லையென்றால் உயிரியல் சார்ந்த பி.எஸ்ஸி. கேட்கிறார்கள். 2023 வாக்கில் சம்பளம் 15,435 ரூபாய் என்று விளம்பரம் வந்தது. அதற்கப்புறம் கூடியிருக்கிறது. 12 மணி நேர ஷிப்ட், ராத்திரியும் உண்டு.

மறுபடி கால்குலேட்டர். அரசுக் கல்லூரியில் டி.எம்.எல்.டி. கிடைத்தால் ரெண்டு வருஷக் கூலி இழப்பு, பஸ், பீஸ், சில்லறை எல்லாம் சேர்த்து மூணு லட்சம் என்றே வைப்போம். மாசம் ஆறாயிரம் கூடக் கிடைத்தால் 50 மாசம். நாலு வருஷத்துச் சொச்சத்தில் கணக்கு நேர்! கூடுதல் செலவு, ஆனால் பதினாறு வருஷம் எங்கே, நாலு வருஷம் எங்கே!

இதுவும் கல்வெட்டு இல்லை. சீட் கிடைக்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும். முறையாக நர்ஸிங் படித்து, தேர்வு எழுதி, 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களுக்கே தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். படித்தவர்கள் கதையே அது. ஆனாலும் அவர்கள் கையில் எந்த ஊரிலும் செல்லுகிற காகிதம் ஒன்று இருந்தது. 1,99,600 ரூபாய்க்கு மாப்பிள்ளை வாங்க இருந்த காகிதம் அந்தப் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் செல்லாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். டி.எம்.எல்.டி.க்கு மனு போட்டாயிற்று. செயின் இப்போதைக்கு அக்கா கழுத்தில்.

போன வாரம் மறுபடி போன். "மாமா, 162.5 சென்டிமீட்டர்னா எத்தனை அடி?"

"அஞ்சே கால் அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் கூட. ஏண்டா?"

"அந்த 108 விளம்பரத்தை முழுசா படிச்சேன். டிரைவருக்கு 15,235. உதவியாளருக்கும் டிரைவருக்கும் வித்தியாசம் 200 ரூபாதான். டிரைவருக்குப் பத்தாவது பாஸ் போதும், ஒசரம் மட்டும் 162.5 வேணுமாம். ரெண்டு வருஷம், மூணு லட்சம்... நீங்கதானே மாமா கணக்குப் போடச் சொன்னீங்க?"

டிரைவருக்கு 24 வயசு ஆக வேண்டும், லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்றேன். அதையும் படித்துவிட்டானாம். லைசென்ஸை இப்போதே எடுத்து வைத்துவிட்டால் படிப்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்கிறான். உயரம்தான் ஒரு சென்டிமீட்டர் இடிக்கிறதாம். தினமும் காலையில் அக்கா அவனை வேப்பமரக் கிளையில் தொங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.