முதல் மலைவண்டியும் முதல் மண்பாதையும்

துவிச்சக்கரவண்டியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். ஆயினும் மலைவழித் துவிச்சக்கரவண்டி என்பது தார்வீதியில் ஓடும் எமது பழைய வண்டிக்குத் தடித்த ரயர் பூட்டிய உருவம் அன்று. ஓட்டுபவரிடம் வேறொரு பழக்கத்தை வேண்டுவது. பிறநாடுகளிற் குடியேறிய எமது பழைய மாணவருட் சிலர் தம் மக்களுக்கு இவ்வண்டியை வாங்கிக் கொடுக்கின்றனர். தாமும் ஏறுவோர் உளர். “வாங்குவதாயின் விலையுயர்ந்ததையே வாங்குக, அன்றேல் விடுக” என்று இவர்களுக்கு அறிவுரை கூறுவார் உண்டு. அதனை நாம் ஏற்கோம். தொடங்குவோர்க்குத் தொடக்கநிலை வண்டியும் தொடக்கநிலைப் பாதையுமே தக்கன என்பது எமது துணிபு.

இவ்விளையாட்டுப் பிறந்த வரலாறே எமக்குச் சான்று. கலிபோர்ணியாவின் மரின் பகுதியில், 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இளைஞர் சிலர் செங்குத்தான மண்சாலை ஒன்றில் இறக்கப் பந்தயம் தொடங்கினர். அவர்கள் ஏறியவை பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பெற்ற கனத்த பழைய வண்டிகள். பின்சக்கரக் குடத்தினுள் அமைந்த பிறேக்கு இறக்கத்திற் சூடேற, உள்ளிருந்த கிறீஸ் புகைந்து போகும். ஓட்டம் முடிந்தபின் குடத்தைத் திறந்து மீண்டும் கிறீஸ் நிரப்ப வேண்டியிருந்தமையின், ‘மீள நிரப்பல்’ எனப் பொருள்படும் ‘ரீபாக்’ என்பதே அவ்வழிக்குப் பெயராயிற்று. ஜோ பிறீஸ் என்பார் மலைவழிக்கென்றே வண்டிச்சட்டம் புதிதாகச் செய்தது 1977இல். ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றதோ 1996இல். நல்ல வண்டி வருமளவும் அவ்விளைஞர் காத்திருந்திலர்.

அவற்றோடு ஒப்பிடின் இன்றைய தொடக்கநிலை வண்டி அரசர் ஊர்தி எனலாம். முன்கவையில் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் அமுங்கும் வில், இரு சக்கரத்திலும் தட்டுப் பிறேக்கு, ஏற்றத்துக்கேற்ற இலகுவான கியர். முதலாண்டுக்கு இவை போதும். பின்புறம் வில் இல்லாமை குறையன்று. கனமும் பழுதும் குறையும். அஞ்சத்தக்கவை வேறு. மிகக் குறைந்த விலைக்கு முன்னும் பின்னும் வில் பூட்டி விற்கப்படுவனவற்றுட் பல தோற்றத்தில் மலைவண்டி, உறுதியில் வீதிவண்டி. கரடுமுரடான நிலத்துக்கு உகந்ததன்று எனச் செய்தவரே எழுதி ஒட்டிய வண்டிகளும் உள. எழுத்தறிவிக்குந் தொழிலோம் ஆகலின், அச்சீட்டை வாசித்து வாங்குக என்று பெற்றாரை வற்புறுத்துகின்றோம்.

பாதையைத் தெரிதல் அதனினும் முதன்மையானது. இங்கிலாந்தில் இத்தகைய பாதைகளுக்கு நிறம் வகுத்துள்ளனர். பச்சை மிக எளியது. அதன்மேல் நீலம், சிவப்பு, கறுப்பு என அருமை ஏறும். இலண்டனிலிருந்து தொலைவில்லாத ஸ்வின்லி வனத்திற் பச்சையும் நீலமும் சிவப்பும் உள. பச்சையில் ஒருமுறை சுற்றியவுடன் சிவப்பை நாடுவது இளையோர் இயல்பு. குறள்வெண்பா பாடப் பழகாதவனைக் கலிவெண்பா பாடுக என்று நாம் பணிப்பதுண்டோ? முதல் மாதத்திலே கையெலும்பு முறிந்த பிள்ளை மீண்டும் வண்டியேறத் தாய் எளிதில் உடன்படாள்.

தார்வீதியிற் பழகியோர் மறக்க வேண்டியன சில உள. வீதியில் ஆசனத்தில் அமர்ந்தே செல்கிறோம். மண்ணிறக்கத்தில் ஆசனத்தைத் தாழ்த்தி, இரு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க, முழங்காலும் முழங்கையும் சற்றே மடித்து எழுந்து நிற்றல் வேண்டும். அப்பொழுதுதான் அதிர்ச்சியை உடல் வாங்கும். கண் முன்சக்கரத்தை நோக்காது, செல்லவேண்டிய வழியைத் தொலைவில் நோக்குக. வளைவினுட் புகுமுன்னரே வேகத்தைத் தணிக்க வேண்டும். வளைவினுள் முன்பிறேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ரயரைக் கல்லுப்போலக் காற்றடிப்பதும் வீதிப்பழக்கமே. அவ்வாறு இறுகிய ரயர் வேரிலும் கல்லிலும் துள்ளும். ரயரின் பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள் நின்று காற்றைச் சிறிது குறைத்தால் அது மண்ணைப் பற்றும். தலைக்கவசம் பற்றி விவாதமே வேண்டா.

மழை பெய்து பாதை சேறாய்க் கிடக்கும் நாளில் வண்டியை வீட்டில் நிறுத்துக. ஈரத்திற் பதிந்த சக்கரத் தடம் காய்ந்தபின் வரம்புபோல் இறுகும். பின்னர் வருங் குழந்தையின் முன்சக்கரம் அதிற் சிக்கும். அத்தடத்தை மண்வெட்டியாற் கொத்தி நிரவுவோர் பலவிடத்தும் ஊதியம் பெறாத தொண்டர்களே.